ஹல்வாரின் காதும் ஹீட் பம்பின் முதல் மூச்சும்

"என் கண்ணைக் கட்டி விடுங்க. இந்தப் பள்ளத்தாக்குல எந்த மெஷின் வேணும்னாலும் கிளம்பட்டும். முதல் மூச்சுலயே அதுக்கு என்ன நோவுன்னு சொல்லிடறேன். தொடவும் வேண்டாம், திறக்கவும் வேண்டாம்."

எங்கள் ஊர்க் கூட்டுறவுக் கடையில், தபால் பொட்டலங்கள் அடுக்கிய அலமாரிக்குப் பக்கத்தில் இருக்கும் காப்பி மேசையில், ஐந்து சாட்சிகள் முன்னிலையில் ஹல்வார் இப்படி அறிவித்தார். சாட்சிகளில் எதிர்வீட்டு ஸ்வெர்ரேயும் ஒருவர். எதையும் லேசில் நம்பாத ஆள். தன் கம்பளிச் சால்வையைக் கழற்றி அங்கேயே ஹல்வாரின் கண்ணைக் கட்டினார், வாசலுக்கு இழுத்துப்போய் நிறுத்தினார், தன் டிராக்டரைக் கிளப்பினார்.

ஹல்வார் தலையை ஒரு பக்கம் சாய்த்தார். "ரெண்டாவது சிலிண்டர். டீசல் பீச்சுற மூக்கு அடைச்சிருக்கு."

அடைத்துத்தான் இருந்தது.

அன்று முதல் ஹல்வாரின் காது ஊரின் பொதுச் சொத்தாகிவிட்டது. சாலைத்துறையின் பனி வாரும் லாரிகளை முப்பத்தெட்டு வருடம் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு அவருக்குத்தான், காதுக்கு இல்லை. துணி துவைக்கும் மெஷின் உறுமினாலும் குளிர்பெட்டி முனகினாலும் ஜனங்கள் அதை போனில் பதிவு செய்து காப்பி மேசைக்குக் கொண்டுவந்தார்கள். ஹல்வார் கண்ணை மூடிக் கேட்பார். ஒரு மடக்குக் காப்பி குடிப்பார். பிறகு தீர்ப்பு வரும். மேல்முறையீடு கிடையாது.

இந்த நீதிமன்றத்தை மதிக்காத ஒரே ஜீவன் அவர் மனைவி குன்வோர். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்த நர்ஸ். "நான் முப்பது வருஷம் வேலை பாத்தேன், சட்டையைக் கழட்டிப் பாக்காம ஒருத்தருக்கும் நோவு சொன்னதில்ல" என்பாள். ஹல்வாரின் காது எல்லாவற்றையும் கேட்கும், இந்த ஒரு வாக்கியத்தைத் தவிர.

இனி ஹீட் பம்பின் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் பள்ளத்தாக்கில் ஹீட் பம்ப் இல்லாத வீடு இல்லை. சுவரில் உள்பெட்டி ஒன்று, வாசலில் வெளிப்பெட்டி ஒன்று. வெளிப்பெட்டி உறைந்து கிடக்கும் காற்றிலிருந்தும் சூட்டைப் பிழிந்தெடுத்து உள்ளே அனுப்பும். பார்வைக்குத் தகர டப்பாதான். அழகாகச் சாயம் பூசிய மரச்சுவருக்குப் பக்கத்தில் தகர டப்பா நிற்பதை எங்கள் ஆட்களால் சகித்துக்கொள்ள முடியாது. அதனால் அதற்கும் ஒரு குட்டி மர வீடு கட்டிவிடுவோம். கேட்டால் பனி விழாமல் இருக்க என்போம்.

ஸ்வெர்ரேயின் வெளிப்பெட்டிக்கு நாலு பலகைச் சட்டமும் மேலே ஒரு தகடும்தான். ஹல்வாருடையது மாளிகை. பெரிய வீட்டின் அதே சிவப்புச் சாயம், மூலைகளில் வெள்ளை. கூரையில் புல்மண் போட்டிருந்தார். கோடையில் அதில் நீலப்பூ பூக்கும். பக்கவாட்டில் வெள்ளைச் சட்டம் போட்ட பொம்மை ஜன்னல். அதற்குத் திரைச்சீலை தைக்கச் சொன்னபோது குன்வோர் மறுத்துவிட்டாள். ஒரு திருகாணிகூட வெளியே தெரியாது. ஒவ்வொன்றின் தலையிலும் மரத்தக்கை அடித்து இழைத்திருந்தார்.

தரையும் போட்டிருந்தார். ஊரில் எல்லாரும் அடிப்பக்கத்தைத் திறந்தே விடுவார்கள். ஹல்வார் விடவில்லை. "தரை இல்லாததை வீடுன்னு எவன் சொல்லுவான்?" என்று கேட்டு, வரவேற்பறைக்குப் போட்டு மிஞ்சிய பைன் பலகைகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி, மூன்று தடவை தார் பூசினார். ஒரு சொட்டுத் தண்ணீர் ஒழுகாது என்று அவரே சொன்னார். அது உண்மையும்கூட.

கருவியோடு வந்த கையேடு சமையலறை இழுப்பறையில், பிறந்தநாள் மெழுகுவர்த்திகளுக்கு அடியில், பிளாஸ்டிக் உறை பிரியாமல் பத்திரமாக இருந்தது.

பிப்ரவரியில் ஒரு வாரம் முழுக்க மூடுபனியும் ஈரப்பனியுமாக நசநசத்தது. அது முடிந்த ஞாயிற்றுக்கிழமை குளிர் ஒரே இறக்கமாக இறங்கியது. திங்கள் காலை பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு டிகிரி. வெளிப்பெட்டி அவ்வப்போது நின்று, தன்மேல் படிந்த உறைபனியைத் தானே உருக்கிவிட்டு, மறுபடி கிளம்பும். அது அதன் வழக்கம். திங்களன்று அப்படிக் கிளம்பும்போது ஒரு சத்தம் வந்தது.

டொக். டொக். டொக்டொக்டொக். க்ர்ர்ர்ர்.

பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது.

சமையலறையில் குன்வோரின் கை நின்றது. வேறு வாரமாக இருந்தால் அவளும் கண்டுகொண்டிருக்க மாட்டாள். ஆனால் வெள்ளிக்கிழமை மகள் மாரித், பெர்கன் நகரத்திலிருந்து கணவனோடும் ஏழு வாரக் குழந்தையோடும் வருகிறாள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் தேவாலயத்தில் ஞானஸ்நானம். ஹல்வார் பேத்தியை இதுவரை போன் திரையில்தான் பார்த்திருக்கிறார். விறகு அடுப்பை மூட்டவும் வழியில்லை. புகைபோக்கி சுத்தம் செய்ய வந்தவர் அதில் விரிசல் கண்டு, வசந்தம் வரை நெருப்பு வைக்கக்கூடாது என்று நவம்பரிலேயே சிவப்புச் சீட்டு ஒட்டிவிட்டுப் போயிருந்தார். குளியலறையில் ஒரு சின்ன மின்கணப்பு உண்டு. அதை விட்டால் இந்த வீட்டின் மொத்தச் சூடும் அந்த மாளிகைவாசியை நம்பித்தான் இருந்தது.

இன்னொன்றும் இருந்தது. மாரித்தின் மாமியார் டின்செட் நகரத்தில் இருக்கிறாள். அவள் வீட்டில் தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் ஓடுகிறது, வீடு எப்போதும் கதகதப்பு. "இங்கயே தங்கிக்கலாமே" என்று அவள் மூன்று முறை சொல்லியாகிவிட்டது.

"ஹல்வார், அது என்ன சத்தம்?"

ஹல்வார் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடினார். "வால்வு திசை மாறுது. ஒண்ணுமில்ல."

"வால்வு க்ர்ர்னா சொல்லும்?"

"குளிருக்குச் சொல்லும்."

செவ்வாய்க்கிழமை டொக் பெரிதானது. ஹல்வார் தன் நீளத் திருப்புளியோடு வாசலுக்குப் போனார். மாளிகையின் சின்னக் கதவைத் திறந்து, திருப்புளி முனையைப் பெட்டியில் ஊன்றி, மரப்பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்து, மருத்துவர் மாதிரி முட்டி போட்டு உட்கார்ந்தார். அந்தக் குளிரில் இருபது நிமிடம். காது கேரட் நிறத்துக்கு வந்ததும் தீர்ப்பு வந்தது: அடியிலுள்ள ரப்பர்க் கால்கள் குளிரில் விறைத்துவிட்டன. பழைய பனிச்சறுக்கு பூட்ஸின் அடிப்பகுதியை அறுத்து, பெட்டிக்கும் மாளிகைச் சுவருக்கும் நடுவே செருகினார். சத்தம் இப்போது சுவர் வழியாக வரவேற்பறைக்கே வந்தது.

புதன்கிழமை தீர்ப்பு திருத்தப்பட்டது. எலி. உள்ளே கூடு கட்டியிருக்கிறது, காற்றாடி அதில் இடிக்கிறது. ஒரு துண்டு பழுப்புச் சீஸ் வைத்துப் பொறி வைத்தார். வியாழன் காலை சீஸ் போயிருந்தது, பொறியில் ஏதோ பறவையின் கறுப்புவெள்ளை இறகு ஒன்று இருந்தது. சத்தம் அப்படியே இருந்தது.

ஸ்வெர்ரே ரோட்டைத் தாண்டி வந்தார். "ஹல்வார், உன் வீட்டுக்குள்ள யாரோ மரம் அறுக்கிறான்யா. என் நாய் சோபாவுக்கு அடில போயிடுச்சு."

"கண்டுபிடிச்சாச்சு. எலி."

"அவ்வளவு பெரிய எலியா? அப்ப ஞானஸ்நானத்துக்கு அதையும் கூப்பிடு."

குன்வோர் சிரிக்கவில்லை. மேசையில் காப்பிக் கோப்பைகள் நடுங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஹல்வார், அந்த மர வீட்டைக் கழட்டிட்டு அடியில பாரேன்."

"எதுக்கு? காதுக்குத் தெரியாததைக் கண்ணு என்னத்தைப் பாக்கப் போகுது?"

"நாளைக்குக் குழந்தை வருது."

"நாளைக்குள்ள சொல்லிடறேன்."

அவர் பிடிவாதத்துக்கு நியாயம் இல்லாமல் இல்லை. சின்னக் கதவு வழியாகப் பெட்டியின் பக்கவாட்டுதான் தெரியும்; அடியில் பார்க்க வேண்டுமென்றால் மாளிகையை உடைக்க வேண்டும். திருகாணிகளை யாராலும் கழற்ற முடியாதபடி மறைத்திருந்தவர் அவரேதான்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வெளிப்பெட்டி கிளம்பியது. டொக் இல்லை. ஒரே ஒரு இடி. பிறகு அமைதி. உள்பெட்டியில் சிவப்பு விளக்கு கண் சிமிட்ட ஆரம்பித்தது.

சுவரிலிருந்த வெப்பமானி பத்தொன்பது காட்டியது.

குன்வோர் பழுது பார்ப்பவருக்கு போன் செய்தாள். இந்தக் குளிரில் பள்ளத்தாக்கே அவரைத் தேடிக்கொண்டிருந்தது. "செவ்வாய்க்கிழமை வர்றேன்" என்றார்.

பத்தரைக்குப் பதினேழு. குன்வோர் குழந்தைக்காக எடுத்து வைத்திருந்த தொட்டிலை ஜன்னலோரத்திலிருந்து அறையின் நடுவுக்கு இழுத்தாள். ஹல்வார் அந்தத் தொட்டில் இழுபடும் சத்தத்தைக் கேட்டார். அதற்கு அவரிடம் தீர்ப்பு இல்லை.

பதினொன்றுக்கு மாரித் அழைத்தாள். இரவு வழியில் லில்லஹாமர் ஊரில் தங்கி, காலையில் கிளம்பி வந்துகொண்டிருந்தார்கள்.

"அப்பா, வீடு சூடா இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு."

குன்வோர் போனை வாங்கினாள். "பதினாறு. மெஷின் நின்னுடுச்சு."

காரின் இரைச்சலுக்கு நடுவே மாரித் மெதுவாகச் சொன்னாள். "அம்மா, கோவிச்சுக்காத. பதினாறுல நான் பிள்ளையைப் படுக்க வைக்க மாட்டேன். ஒரு மணிக்கு ஆல்வ்தால் பெட்ரோல் பங்க்ல நிறுத்துவோம். அங்கிருந்து கூப்பிடறேன். சூடு ஏறிட்டிருந்தா உங்க ரோட்டுல திரும்பறோம். இல்லன்னா நேரா டின்செட் போறோம்."

"அப்ப ஞாயித்துக்கிழமை?"

"சர்ச்சுல பாத்துக்கலாம்."

பேத்தியைத் தேவாலயத்தில், நூறு பேருக்கு நடுவே, அந்த மாமியாரின் கையிலிருந்து வாங்கிப் பார்க்க வேண்டும். ஹல்வார் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

திருப்புளியை ஊன்றினார். எலும்பில் பிடியை வைத்தார். கண்ணை மூடினார்.

ஒன்றுமில்லை. செத்த மெஷின் என்ன பேசும்? முப்பத்தெட்டு வருடத்தில் அவரிடம் வந்த எல்லா நோயாளிகளும் ஏதாவது முனகியிருந்தார்கள். இது வாயே திறக்கவில்லை. தூரத்தில் எங்கோ ஒரு பைன் மரம் குளிரில் வெடித்த சத்தம் மட்டும் கேட்டது.

அவர் எத்தனை நேரம் அப்படி இருந்தார் என்று தெரியாது. ஸ்வெர்ரே கையில் காப்பிக் குடுவையோடு வந்தபோது பனியில் முட்டி போட்டபடியே இருந்தார்.

"என்ன சொல்லுது ஹல்வார்?"

ஹல்வார் எழுந்து கொட்டகைக்குப் போனார். வீட்டு மின்பெட்டியில் மெஷினின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கடப்பாரையோடு திரும்பி வந்தார். ஸ்வெர்ரேயின் வாயில் ஒரு கிண்டல் தயாராக இருந்தது. முகத்தைப் பார்த்ததும் அதைக் காப்பியோடு விழுங்கிவிட்டார்.

முதலில் பொம்மை ஜன்னல் போனது. உறைந்த புல்மண் கூரை கருங்கல் மாதிரி இருந்தது. இருவருமாகத் தூக்கி இறக்கினார்கள். வெள்ளை மூலைப் பலகைகள் கதறிக்கொண்டு பிய்ந்தன. அந்தச் சத்தத்தை ஹல்வாரின் காது தெளிவாகவே கேட்டிருக்கும். குன்வோர் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தாள். பலகை ஒவ்வொன்றும் விழும்போது கண்ணை மூடிக்கொண்டாள். பன்னிரண்டு ஆனபோது வீட்டுக்குள் பதினான்கு.

பக்கச்சுவர் விழுந்ததும் ஹல்வார் குப்புறப் படுத்து டார்ச் அடித்தார்.

மாளிகையின் தரை முழுக்கப் பனிக்கட்டி. ஒரு சாண் கனம், கண்ணாடி மாதிரி வழுவழுப்பு. போன வாரத்திலிருந்து பெட்டி தன்மேலிருந்து உருக்கிவிட்ட தண்ணீர் ஒரு சொட்டுக்கூட வெளியே போகாமல், மூன்று பூச்சுத் தாரின் மேல் தேங்கி, உறைந்து, தினமும் கொஞ்சம் வளர்ந்து, பெட்டியின் வடிகால் ஓட்டை வழியாக உள்ளே ஏறி, காற்றாடிக்குக் கீழே ஒரு வெள்ளைப் பல் மாதிரி முளைத்திருந்தது. ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் காற்றாடி அந்தப் பல்லில் மோதிச் சீவியிருக்கிறது. சீவி முடித்ததும் நிம்மதியாகச் சுற்றியிருக்கிறது. மறுபடி உருகல், மறுபடி பல். இன்று பல் ஜெயித்துவிட்டது.

ஸ்வெர்ரேயும் குனிந்து பார்த்தார். "தரை…" என்று ஆரம்பித்தார்.

"தெரியும்."

"நான் ஒண்ணும் சொல்லலயே."

"சொல்லாத."

உளியால் தட்டினால் உள்ளே இருக்கும் மெல்லிய குழாய் கிழியும். அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமை வரும் ஆளாலும் காப்பாற்ற முடியாது. வெதுவெதுப்பான தண்ணீர்தான் வழி. குன்வோர் வாளி வாளியாகக் கொண்டுவந்தாள். ஒவ்வொரு வாளியிலும், குழந்தையைக் குளிப்பாட்டப் போகிறவள் மாதிரி, முழங்கையை நனைத்துச் சூடு பார்த்தே கொடுத்தாள். கொதிக்கும் தண்ணீர் ஊற்றினால் பிளாஸ்டிக் காற்றாடி விரிசல் விடும். ஹல்வார் முதலில் தரைப் பலகைகளைக் கடப்பாரையால் நெம்பிப் பெயர்த்தார், தண்ணீர் போக வழி வேண்டுமே. அவர் செருகிய பலகைகள் அவ்வளவு இறுக்கமாக இருந்தன. ஒன்றைப் பிய்க்க மூன்று நெம்பு வேண்டியிருந்தது.

பதினேழு வாளி. பன்னிரண்டு ஐம்பதுக்கு அந்தப் பல் கழன்று விழுந்தது. ஹல்வார் கையுறையைக் கழற்றிவிட்டு, விரலால் காற்றாடியைச் சுற்றினார். இறக்கைகளின் ஓரம் எலி கடித்த மாதிரி நறுங்கியிருந்தது. ஆனால் சுற்றியது.

"போடு குன்வோர்!"

உள்ளே மின்சாரம் போட்ட சொடுக்குச் சத்தம் கேட்டது. ஆனால் இந்த மாதிரி மெஷின் உடனே கிளம்பாது. மூன்று நிமிடம் யோசிக்கும். ஸ்வெர்ரே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஹல்வார் தன் காதைப் பெட்டியை நோக்கித் திருப்பவில்லை. குனிந்து, கண்ணைக் காற்றாடிக்கு நேராக வைத்து, இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் புருவத்தில் உறைபனி கட்டியது. ஒரு நிமிடம். இரண்டு. வீட்டுக்குள் போன் அடித்தது.

மூன்றாவது நிமிடம் உள்ளே ஏதோ முனகியது. காற்றாடி ஒரு நடுக்கம் நடுங்கியது. ஸ்வெர்ரே அனிச்சையாக ஒரு அடி பின்னால் போனார். காற்றாடி மெதுவாகத் திரும்பியது, வேகம் எடுத்தது, கண்ணுக்கு மறைந்தது. டொக் இல்லை. க்ர்ர் இல்லை. புஸ்ஸென்று காற்று மட்டும்.

ஒரு இடுக்கு மட்டும் திறந்த வாசல் கதவு வழியாகக் குன்வோரின் குரல் கேட்டது. "பதிமூணு. பொய் சொல்ல மாட்டேன், பதிமூணுதான். ஆனா இப்பதான் கிளம்பிச்சு, மாரித்."

மாரித் என்ன சொன்னாள் என்று வெளியே கேட்கவில்லை. குன்வோர் போனை மார்போடு அணைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "ரெண்டரை வரைக்கும் பங்க்லயே உக்காந்திருக்காங்களாம். பிள்ளைக்குப் பால் குடுக்கணுமாம். மறுபடி கூப்பிடுவா."

ஸ்வெர்ரே ரோட்டைத் தாண்டிப் போனார். திரும்பி வந்தபோது இரண்டு கக்கத்திலும் தன் வீட்டு மின்கணப்புகள் இருந்தன. "கடன் இல்ல," என்றார், "வேடிக்கை பாத்ததுக்கு டிக்கெட்."

அடுத்த ஒன்றரை மணி நேரம் மூன்று கிழடுகளும் ஒரு வெப்பமானியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு தடவை வெளிப்பெட்டி நின்றது, உறைபனி உருக்க. மூவரின் கோப்பையும் அந்தரத்தில் நின்றது. தண்ணீர் தடையில்லாமல் பனிமேல் சொட்டும் சத்தம் வந்தது. பிறகு புஸ். கோப்பைகள் உதட்டுக்குப் போயின. பதினைந்து. பதினாறரை. போன் அடித்தபோது பதினேழரை.

"திரும்பறோம்" என்றாள் மாரித்.

மூன்றரைக்கு, வெளிச்சம் நீலமாக மங்கிக்கொண்டிருக்கும்போது, கார் வந்து நின்றது. மாரித் இறங்கியதும் முதலில் பார்த்தது சுவரோரம் குவிந்து கிடந்த சிவப்புப் பலகைகளையும், தலைகீழாகக் கிடந்த புல்கூரையையும், நடுவில் அம்மணமாக நின்று காற்று ஊதிக்கொண்டிருந்த தகர டப்பாவையும்தான்.

"அப்பா! உன் மாளிகை!"

"உள்ள வா. குளிருது."

வீட்டுக்குள் பதினெட்டு. கம்பளி உடுப்பு, கம்பளித் தொப்பி, அதற்கு மேல் கழுத்துவரை பொத்தான் போட்ட இன்னொரு கம்பளிச் சட்டை என்று ஒரு பொட்டலமாக இருந்த குழந்தை சுன்னிவாவை மாரித் ஹல்வாரின் கையில் வைத்தாள். பொட்டலம் அவரை இரண்டு நொடி உற்றுப் பார்த்தது. பிறகு உதட்டைப் பிதுக்கி, ஒரு முனகல் முனகி, முழு வேகத்தில் கிளம்பியது.

ஸ்வெர்ரே இதற்காகத்தான் வீட்டுக்குப் போகாமல் இருந்தார் போல. "ஆச்சு, கிளம்பிடுச்சு. ஹல்வார், முதல் மூச்சு இது. சொல்லு, என்ன நோவு?"

"பசியா இருக்குமோ?" என்றாள் மாரித்.

"இப்பத்தானே குடிச்சா" என்றாள் குன்வோர்.

எல்லாரும் ஹல்வாரைப் பார்த்தார்கள். பழக்க தோஷத்தில் அவர் கண்ணை மூடினார், தலையை ஒரு பக்கம் சாய்த்தார். சுன்னிவா அவர் காதுக்குள்ளேயே கத்தினாள்.

ஹல்வார் கண்ணைத் திறந்தார். குழந்தையைச் சோபாவில் கிடத்தினார், முட்டி போட்டு உட்கார்ந்தார், பெரிய விரல்களால் கழுத்துக்குக் கீழே முதல் பொத்தானைக் கழற்றினார்.